வீட்டில் கட்டிய விமானத்தை ஸ்போர்ட் பைலட் ஓட்டலாமா?

அமெரிக்காவில் சொந்தக் கையால் விமானம் கட்டுகிறவர்கள் கொஞ்சநஞ்சம் பேர் அல்ல. வீட்டுக் கார் ஷெட்டில் இறக்கையை முடித்து, வாடகை ஹேங்கருக்குக் கொண்டுபோய் உடலோடு பொருத்தி, எஞ்சின் மாட்டி, சில ஆண்டுகள் கழித்து அதிலேயே ஏறிப் பறப்பவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. 2004-இல் ஸ்போர்ட் பைலட் என்ற எளிய விமானி உரிமத்துக்கான விதிகள் வந்ததிலிருந்து இவர்களிடையே ஓயாத கேள்வி ஒன்று இருக்கிறது: இந்த விமானம் அந்த விதிக்குள் அடங்குமா, அடங்காதா?

பெரும்பாலும் மாடல் பெயரைச் சொல்லித்தான் கேட்பார்கள். கிட்ஃபாக்ஸ் அடங்குமா, சோனெக்ஸ் அடங்குமா, ஆர்வி-9 அடங்குமா என்று. ஆனால் மாடல் பெயரை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்லிவிட முடியாது. ஒரே கிட்டை, அதாவது கட்டுவதற்கான பாகங்களின் தொகுப்பை, வாங்கி அடுத்தடுத்த ஹேங்கரில் இருவர் கட்டியிருக்கலாம். ஒருவருடையது விதிக்கு உள்ளே, மற்றவருடையது வெளியே என்று ஆவது உண்டு. வீட்டில் கட்டிய விமானத்துக்குச் சட்டப்படி தயாரிப்பாளர் கிட் விற்ற கம்பெனி அல்ல, கட்டியவர்தான். ஆகவே அந்த ஒற்றை விமானத்தின் காகிதங்களும், அதைப் பறக்கவிட்டு அளந்து எழுதிய எண்களுமே முடிவைச் சொல்லும்.

முதலில், இதைப் பற்றி இவ்வளவு கவலை ஏன்? ஸ்போர்ட் பைலட் உரிமத்தில் இரண்டு ஈர்ப்புகள் இருக்கின்றன. பயிற்சி நேரம் ஒன்று: பிரைவேட் பைலட் உரிமத்துக்குக் குறைந்தது 40 மணி நேரம் வேண்டும், இதற்கு 20 போதும். இன்னொன்றுதான் பெரிய விஷயம், மருத்துவச் சான்று. ஸ்போர்ட் பைலட்டாகப் பறக்க விமானத்துறை டாக்டரிடம் போய்ச் சான்று வாங்க வேண்டாம், செல்லுபடியாகும் அமெரிக்க கார் லைசென்ஸ் இருந்தால் போதும். பிரைவேட் உரிமம் வைத்திருப்பவரும் மருத்துவச் சான்று காலாவதியான பிறகு, ஸ்போர்ட் பைலட்டுக்கு உள்ள எல்லைக்குள் நின்று பறக்கலாம். முப்பது வருடம் பறந்துவிட்டு, இப்போது ரத்த அழுத்த மாத்திரையோடு இருக்கும் எழுபது வயதுக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் புதிதாகக் கற்பவர்களைவிட இவரைப் போன்றவர்களே அதிகம் என்பது என் எண்ணம்.

இதில் ஒரு பொறி உண்டு. கடைசியாக மருத்துவச் சான்றுக்கு விண்ணப்பித்து மறுக்கப்பட்டிருந்தால், கார் லைசென்ஸ் வழியும் அடைபடும். அதனால்தான் அங்குள்ள சின்ன விமானத்தளங்களில் பெரியவர்கள் சொல்லும் அறிவுரை, 'தேறுவோமா என்று சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் போகவே போகாதே' என்பது. நேர்மையாகப் போய்ப் பரிசோதித்துக்கொண்டவரைத் தண்டித்து, போகாமல் இருந்தவரை விட்டுவிடும் ஏற்பாடு இது. எனக்கு இது சரியாகப் படவில்லை, ஆனால் விதி அப்படித்தான் இருக்கிறது. 2017 மே மாதம் வந்த பேசிக்மெட் என்ற எளிய மருத்துவ முறை பலருக்கு மாற்று வழி தந்தது. அதற்கும் 2006 ஜூலை 14-க்குப் பிறகு எப்போதாவது ஒரு முறை பழைய மருத்துவச் சான்று வைத்திருந்திருக்க வேண்டும்.

விமானத்தின் சான்று வேறு, ஓட்டுபவரின் உரிமை வேறு

குழப்பத்துக்கு முக்கியக் காரணம் இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதுதான். காருக்கு ஆர்.சி. புக் தனி, ஓட்டுபவருக்கு லைசென்ஸ் தனி என்பது போலத்தான் இதுவும்.

வீட்டில் கட்டிய விமானத்துக்கு அமெரிக்க விமானத்துறை நிர்வாகமான எஃப்ஏஏ கொடுப்பது 'எக்ஸ்பெரிமென்டல், அமெச்சூர் பில்ட்' என்ற வகைச் சான்று. இதற்கு நிபந்தனை, வேலையில் பாதிக்கு மேல் சொந்தக் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ கட்டுபவர்கள் செய்திருக்க வேண்டும் என்பது. பேச்சுவழக்கில் 51 சதவீத விதி. கட்டும்போது எடுத்த போட்டோக்களும் வேலைக் குறிப்பேடும்தான் சாட்சி.

'லைட் ஸ்போர்ட்' என்பது 2004-இல் வந்த வேறு சான்று வகை. தொழிற்சாலையில் தயாராகி வரும் ஸ்பெஷல் லைட் ஸ்போர்ட் ஒன்று, அதே மாடலை கிட்டாக வாங்கிக் கட்டும் எக்ஸ்பெரிமென்டல் லைட் ஸ்போர்ட் இன்னொன்று. இரண்டாவதில் 51 சதவீதக் கணக்கே இல்லை. ஆனால் சான்று வாங்கும் நாளில் அது கம்பெனியின் மாதிரி விமானத்தை அச்சாக ஒத்திருக்க வேண்டும், ஒரு போல்ட்டைக்கூட சொந்த விருப்பத்துக்கு மாற்றியிருக்கக் கூடாது. வேன்ஸ் கம்பெனியின் ஆர்வி-12 இந்த வழியில் பெயர் பெற்றது. அதையே அமெச்சூர் பில்ட்டாகவும் பதிவு செய்யலாம், செய்தவர்களும் உண்டு.

சரி, அமெச்சூர் பில்ட் விமானம் லைட் ஸ்போர்ட் ஆகுமா? சான்று வகையில் ஒருநாளும் ஆகாது. ஆனால் ஸ்போர்ட் பைலட் என்ன ஓட்டலாம் என்று சொல்லும் விதி, சான்று எந்த வகை என்று கேட்பதில்லை. விமானத்தின் குணங்களை மட்டும் பார்க்கிறது. குணங்கள் பொருந்தினால் 1940-களில் தொழிற்சாலையில் செய்த பைப்பர் ஜே-3 கப்பும் சரி, கார் ஷெட்டில் கட்டியதும் சரி, ஸ்போர்ட் பைலட் ஓட்டலாம்.

2004-இன் வேலி

அந்தக் குணங்கள் 21 ஆண்டுகள் ஒரே மாதிரி இருந்தன. புறப்படும்போது எடை அதிகபட்சம் 1,320 பவுண்டு, அதாவது 600 கிலோ. தண்ணீரில் இறங்கும் விமானமானால் 1,430 பவுண்டு. எஞ்சினைத் தொடர்ந்து ஓட்டக்கூடிய முழுச் சக்தியில் வைத்து, கடல்மட்டத்தில் நேராகப் பறந்தால் வேகம் 120 நாட்டைத் தாண்டக் கூடாது. மணிக்கு 222 கிலோமீட்டர். ஃபிளாப்பை (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறக்கும் பலகையை) இறக்காமல் ஸ்டால் ஆகும் வேகம், அதாவது வேகம் குறைந்து இறக்கை விமானத்தைத் தாங்க முடியாமல் போகும் இடம், 45 நாட்டுக்குள். இருக்கை இரண்டுதான். பிஸ்டன் எஞ்சின் ஒன்றுதான். சக்கரம் மடங்கக் கூடாது, பறக்கும்போதே பிளேடின் கோணத்தை மாற்றும் புரொப்பல்லர் கூடாது, கேபினில் காற்றழுத்தம் ஏற்றக் கூடாது.

1929-இல் மினசோட்டாவின் செர்ரி குரோவ் என்ற சிற்றூரில் பெர்னார்ட் பீட்டன்போல் ஃபோர்டு மாடல் ஏ கார் எஞ்சினை மாட்டிப் பறக்கவிட்ட ஏர் கேம்பர், இந்த வேலிக்குள் தாராளமாக அடங்கும். அதன் வரைபடத்தை வைத்து இன்றும் கட்டுகிறார்கள். ஆர்வி-9 எடையிலும் வேகத்திலும் வெளியே. இடைப்பட்ட விமானங்களில்தான் சுவாரஸ்யம்.

அமெச்சூர் பில்ட் விமானத்தின் அதிகபட்ச எடையை நிர்ணயிப்பவர் கட்டியவர். கிட்ஃபாக்ஸ் சீரிஸ் 7-க்குக் கம்பெனி அனுமதிக்கும் எடை 1,550 பவுண்டு. ஸ்போர்ட் பைலட்டாகப் பறக்க நினைப்பவர் அதையே 1,320 என்று எழுதிப் பதிவு செய்தார். இது ஏமாற்று அல்ல, விதி கொடுத்த உரிமை. எழுதிய பிறகு அந்த எடைக்கு மேல் ஏற்றிப் பறந்தால்தான் குற்றம். கணக்கைப் போட்டுப் பார்த்தால் இதன் விலை தெரியும். விமானத்தின் வெற்றெடை 850 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 470. ஆளுக்கு 170 பவுண்டு வீதம் இருவர் ஏறினால் மீதி 130. பெட்ரோல் கேலனுக்கு 6 பவுண்டு, 20 கேலன் போட்டால் 120. லக்கேஜுக்கு 10 பவுண்டு மிஞ்சும், ஒரு கைப்பைகூடத் தேறாது. கட்டும்போது நல்ல சீட், கூடுதல் பேட்டரி, இன்னொரு கோட் பெயிண்ட் என்று ஆசைப்பட்டவர்கள், காகிதத்தில் இருவர் விமானமும் நிஜத்தில் ஒருவர் விமானமுமாக வைத்திருந்தது இதனால்தான்.

எடையைக் குறைத்து எழுதுவதில் இன்னொரு லாபமும் உண்டு. ஸ்டால் வேகம் எடையின் வர்க்கமூலத்தோடு ஏறி இறங்கும். 1,500 பவுண்டில் 47 நாட்டில் ஸ்டால் ஆகும் விமானம், 1,320 பவுண்டில் சுமார் 44 நாட்டில் ஆகும். ஒரே கையெழுத்தில் எடையும் ஸ்டாலும் வேலிக்குள் வந்துவிடும்.

வேகக் கட்டுப்பாட்டிலும் இப்படி ஓர் இடைவெளி இருந்தது. விதி சொல்வது 'தொடர்ந்து ஓட்டக்கூடிய' சக்தியை. கட்டியவரே தயாரிப்பாளர் என்பதால், எஞ்சினைத் தொடர்ந்து எத்தனை சுற்றில் ஓட்டலாம் என்பதையும் அவரே வரையறுக்கலாம் என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். கொஞ்சம் குறைத்து எழுதி 120 நாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். 200 குதிரைசக்தி எஞ்சினை மாட்டிவிட்டு இப்படி எழுதினால் யாரும் நம்பப் போவதில்லை. ஓரிரண்டு நாட் மீறலுக்கு இது நியாயமான வழி, அதற்கு மேல் போனால் வெறும் சாமர்த்தியம்.

பழைய விதியில் மிகக் கடுமையான வரி எண்களில் இல்லை. 'முதல் சான்று பெற்ற நாளிலிருந்து தொடர்ந்து' இந்தக் குணங்கள் இருந்திருக்க வேண்டும் என்றது விதி. ஒரு காலத்தில் 1,400 பவுண்டுக்குப் பதிவான விமானத்தைப் பிறகு 1,320-க்கு இறக்க முடியாது. பறக்கும்போது கோணம் மாற்றும் புரொப்பல்லரை ஒரு வருடம் மாட்டியிருந்தாலும், கழற்றிய பிறகு தகுதி திரும்பாது. தொழிற்சாலை விமானமான எர்கூப்பில் இது நன்றாகத் தெரிந்தது. 415-சி மாடல் 1,260 பவுண்டு, உள்ளே. அதையே என்றோ ஒரு உரிமையாளர் 1,400 பவுண்டு 415-டி ஆக மாற்றியிருந்தால், நிரந்தரமாக வெளியே. பழைய வீட்டு விமானத்தை வாங்கியவர்கள் பலரும் இந்த வரியில்தான் மாட்டினார்கள். கட்டியவர் 1990-களில், ஸ்போர்ட் பைலட் என்ற சொல்லே இல்லாத காலத்தில், தாராளமாக 1,400 என்று எழுதிவைத்திருப்பார். அந்தப் பேனாவைத் திரும்ப வாங்க வழியில்லை.

2025-இல் மாறியது

2025 ஜூலை 22-ஆம் தேதி, விஸ்கான்சின் மாநிலத்தின் ஆஷ்காஷில் ஆண்டுதோறும் நடக்கும் விமானத் திருவிழாவில் மொசைக் என்ற புதிய விதித்தொகுப்பை அறிவித்தார்கள். வீட்டில் விமானம் கட்டுவோரின் சங்கமான ஈஏஏ, 1953-இல் பால் போபெரெஸ்னி தொடங்கியது, நடத்தும் திருவிழா அது. இதைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான கூட்டம் அமைந்திருக்காது. ஸ்போர்ட் பைலட்டின் உரிமைகள் பற்றிய பகுதி அக்டோபர் 22 அன்று நடைமுறைக்கு வந்தது. புதிய விமானங்களுக்கு லைட் ஸ்போர்ட் சான்று தரும் பகுதிக்கு 2026 ஜூலை 24 என்று நாள் குறித்தார்கள். அமெச்சூர் பில்ட் விமானத்தை வைத்திருப்பவருக்கு முதல் பகுதிதான் முக்கியம்.

எடை வரம்பு போய்விட்டது. 120 நாட் வரம்பும் போய்விட்டது. மடங்கும் சக்கரமும் கோணம் மாறும் புரொப்பல்லரும் இருக்கலாம், அதற்கான பயிற்சி பெற்று பயிற்றுநரின் கையெழுத்து வாங்கியிருந்தால் போதும். இருக்கை நான்கு வரை இருக்கலாம், ஆனால் ஸ்போர்ட் பைலட் ஏற்றிக்கொள்ளக்கூடிய பயணி இன்னமும் ஒருவர்தான். காற்றழுத்த கேபின் மட்டும் பழையபடி கூடாது. லான்சேர் 4பி கட்டியவர்களுக்கு அந்த ஒன்றிலேயே கதவு சாத்தப்பட்டது.

இவ்வளவும் போன பிறகு வேலியாக நிற்பது கிட்டத்தட்ட ஒரே எண்: ஃபிளாப் இறக்காத ஸ்டால் வேகம், வி.எஸ்.1 என்பார்கள், 59 நாட்டுக்குள் இருக்க வேண்டும். 2023-இல் வெளியிட்ட வரைவில் இதை 54 நாட் என்று வைத்திருந்தார்கள். இறுதி விதியில் 59 ஆக்கினார்கள். பழைய 45-க்கும் 59-க்கும் வித்தியாசம் 14 தானே என்று தோன்றும். மேலே சொன்ன வர்க்கமூலக் கணக்கைத் திருப்பிப் போட்டால், அதே இறக்கைக்கு 1.7 மடங்கு எடையை ஏற்றலாம் என்று வருகிறது. செஸ்னா 172 போன்ற பயிற்சிப்பள்ளி விமானங்கள் உள்ளே வந்தது அதனால்தான். அவற்றோடு வீட்டில் கட்டிய விமானங்களும் நிறைய வந்தன.

என் பார்வையில் ஸ்டால் வேகத்தை மட்டும் பிடித்துக்கொண்டது நல்ல முடிவு. சின்ன விமானம் எஞ்சின் நின்று வயலில் இறங்கும்போது உயிர் பிழைப்பது, தரையைத் தொடும் வேகத்தைப் பொறுத்தது. மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. எடை வரம்பு இருந்தபோது கட்டுபவர்கள் பாதுகாப்புக்கான கனத்தையும் சேர்த்தே குறைத்தார்கள், தடித்த தகடு போட வேண்டிய இடத்தில் யோசித்தார்கள். இனி அந்த யோசனை வேண்டாம்.

அந்த ஒரே எண்ணை அளப்பது

இங்கேதான் வீட்டு விமானக்காரருக்குத் தனிச் சிக்கல். செஸ்னா வைத்திருப்பவர் கையேட்டைத் திறந்து படித்துவிடலாம். வீட்டு விமானத்துக்கு எண்ணைத் தர வேண்டியது கட்டியவர்.

சான்று கிடைத்ததும் முதல் கட்டச் சோதனைப் பறப்பு தொடங்கும். வழக்கமாக 25 அல்லது 40 மணி நேரம், குறிப்பிட்ட பகுதிக்குள். முடிந்ததும் குறிப்பேட்டில் சில எண்களை எழுதிக் கையெழுத்திட வேண்டும். அந்த வழக்கமான வாசகம் கேட்பது வி.எஸ்.ஓ., அதாவது ஃபிளாப் இறக்கிய நிலையில் ஸ்டால் வேகம். புதிய விதி கேட்பதோ ஃபிளாப் இறக்காத வி.எஸ்.1. ஆகவே ஒழுங்காக எழுதிய பழைய குறிப்பேட்டில்கூட வேண்டிய எண் இல்லாமல் போகலாம். கிட் கம்பெனிகளின் விளம்பரத் தாளிலும் கவர்ச்சியான, ஃபிளாப் இறக்கிய எண்தான் பெரும்பாலும் இருக்கும். ஆர்வி-10 போன்ற நான்கு இருக்கை விமானத்தில் அந்த எண்ணைப் பார்த்து 'தாராளமாக உள்ளே' என்று முடிவு கட்டுவது அவசரம்.

அளப்பதிலும் கவனம் வேண்டும். விதி சொல்வது கருவிப் பிழையை நீக்கிய வேகம். மூக்கு நன்றாகத் தூக்கிய நிலையில் காற்றைப் பிடிக்கும் குழாய்க்குள் காற்று நேராகப் போகாது, ஓரத்திலிருக்கும் அழுத்தத் துளையும் தவறாகக் காட்டும். பெரும்பாலான விமானங்களில் வேகமானியின் முள் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். செஸ்னா 172எஸ்-இல் ஃபிளாப் இல்லாத ஸ்டால் முள்ளில் 48 நாட், பிழை நீக்கினால் 53. ஐந்து நாட் வித்தியாசம். தன் விமானத்தில் முள் 56 காட்டியது என்று மகிழும் ஒருவருக்கு உண்மை எண் 60 ஆக இருக்கலாம்.

முறையாகச் செய்வதானால் விமானத்தை அதிகபட்ச எடைக்கு மணல் மூட்டையோ வேறு கனமோ கட்டி ஏற்ற வேண்டும். ஈர்ப்பு மையம் அனுமதித்த வரம்பில் முன்னால் இருக்க வேண்டும். அப்போது வால் அதிகமாகக் கீழே அழுத்த வேண்டியிருப்பதால் இறக்கையின் சுமை கூடி, ஸ்டால் வேகமும் கூடும். விதி கேட்பது அந்த மோசமான நிலையைத்தான். காற்று அடங்கிய காலையில், பல நிதானமான வேகங்களில் நான்கு திசையிலும் பறந்து ஜிபிஎஸ்-ஸோடு ஒப்பிட்டு முதலில் முள்ளின் பிழையைக் கண்டுபிடிக்கலாம். அப்புறம் எஞ்சினை முழுக்கக் குறைத்து, நொடிக்கு ஒரு நாட் வீதம் மெதுவாக வேகத்தை இழந்து ஸ்டாலுக்குப் போக வேண்டும். அவசரமாக மூக்கைத் தூக்கினால் எண் பொய்யாகும்.

பர்ட் ரூட்டன் வடிவமைத்த லாங்-ஈஸி போன்றவற்றில் இன்னொரு நுணுக்கம். முன்னால் சின்ன இறக்கை, பின்னால் பெரியது. முன்னிறக்கை முதலில் பிடி விடும், மூக்கு தலையாட்டும், பெரிய இறக்கை ஸ்டாலுக்கே போகாது. அதனால்தான் விதி 'ஸ்டால் வேகம் அல்லது நிலையாகப் பறக்கக்கூடிய குறைந்தபட்ச வேகம்' என்று எழுதியிருக்கிறது. முன்சக்கரம் மடங்குவதாலும் 120 நாட்டை எளிதாகத் தாண்டுவதாலும் பழைய விதியில் இது வெளியே இருந்தது. இப்போது எல்லாம் அந்தக் குறைந்தபட்ச வேகத்தில் வந்து நிற்கிறது, அதை ஒவ்வொரு லாங்-ஈஸியிலும் அளந்துதான் சொல்ல வேண்டும்.

தகுதியும் பத்திரமும்

வேலிக்குள் இருப்பதால் விமானம் பத்திரமானது என்று அர்த்தமில்லை. ஜெனித் சிஎச் 601 எக்ஸ்எல் பழைய 600 கிலோ வேலிக்கென்றே அளந்து தைத்தது போல இருந்த விமானம். தொழிற்சாலையிலும் செய்தார்கள், வீட்டிலும் கட்டினார்கள். நான்கு ஆண்டுகளுக்குள் ஆறு விபத்துகளில் வானிலேயே உடைந்து 10 பேர் இறந்தார்கள். 2009 ஏப்ரலில் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அவற்றைத் தரையிறக்கச் சொன்னது. அதே ஆண்டு இறுதியில் வலுப்படுத்தும் மாற்றங்கள் வந்தன. தொழிற்சாலை லைட் ஸ்போர்ட் விமானத்துக்குக் கம்பெனியின் பாதுகாப்பு உத்தரவு கட்டாயம். அமெச்சூர் பில்ட்டுக்கு அது அறிவுரைதான். செய்தாரா இல்லையா என்பது கட்டியவரின் மனசாட்சிக்கும் குறிப்பேட்டுக்கும் இடையில்.

வாங்குபவருக்கு இது இன்னும் முக்கியம். பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் மான்டெரே விரிகுடாவில் விழுந்து இறந்தது, வேறொருவர் கட்டி இவர் வாங்கிய லாங்-ஈஸியில். பெட்ரோல் டேங்கை மாற்றும் வால்வை, வரைபடத்தில் இருந்த இடத்தை விட்டு ஓட்டுபவரின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார் கட்டியவர். அதைத் திரும்பிப் பிடிக்கப் போனபோது கட்டுப்பாடு போயிற்று என்பது விசாரணையின் முடிவு. ஸ்போர்ட் விதிகள் அப்போது இல்லை. இருந்திருந்தாலும் அவர் மருத்துவச் சான்றை இழந்திருந்தவர், கார் லைசென்ஸ் வழி அவருக்குத் திறந்திருக்காது.

ஆகவே பழைய வீட்டு விமானத்தைப் பார்க்கப் போகிறவர் பறக்கத் தகுதிச் சான்றோடு இணைந்த இயக்க வரம்புத் தாளை முதலில் கேட்க வேண்டும். ஸ்போர்ட் பைலட் இப்போது தனிப் பயிற்சியும் பேசிக்மெட்டோ மருத்துவச் சான்றோ இருந்தால் இரவில் பறக்கலாம் என்பது உண்மை. அந்த விமானத்தின் தாளில் பகலில் மட்டும் என்று இருந்தால் பகலில் மட்டும்தான். அடுத்து குறிப்பேட்டில் வி.எஸ்.1 இருக்கிறதா, எந்த எடையில், ஈர்ப்பு மையம் எங்கே இருந்தபோது அளந்தது என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் வாங்கும் முன்பே மறுபடி அளக்கச் சொல்லலாம். கட்டியவருக்கு ஆண்டுச் சோதனையைத் தானே செய்து கையெழுத்திடும் ரிப்பேர்மேன் சான்று இருந்திருக்கும். விமானம் கைமாறும்போது அந்தச் சான்று கூடவே வராது, ஆண்டுதோறும் உரிமம் பெற்ற மெக்கானிக்குக்குப் பணம் எடுத்துவைக்க வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் முன்கூட்டியே ஒரு போன் போட்டுவிடுவது நல்லது. எஃப்ஏஏ 20 மணி நேரம் போதும் என்று சொல்லலாம், அவர்கள் அதே மாடலில் எத்தனை மணி நேரம் ஓட்டியிருக்கிறீர்கள் என்று தனியாகக் கேட்பார்கள்.